பூசிய மருந்து உள்ளே இறங்க வேண்டும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



மழைக்காலம் வந்தால் நம் லயங்களில் சேற்றுப்புண் இல்லாத கால் குறைவு. மருந்து பூசியும் ஆறவில்லை என்கிறோம். பல நேரம் மருந்தில் பிழையில்லை. அது உள்ளே இறங்கவில்லை.

தோலின் மேற்படை செங்கல் சுவர் மாதிரி. செத்த உயிரணுக்கள் செங்கல், நடுவிலுள்ள கொழுப்பு சாந்து. பங்கசு அந்தச் சுவருக்குள்ளேதான் குடியிருக்கிறது. உள்ளங்காலில் சுவர் இன்னும் தடிப்பு. விஞ்ஞானிகள் மருந்தை நுண்ணிய கொழுப்புப் பைகளில் அடைத்து, ஜெல்லில் கலந்து, அந்தச் சாந்து வழியாக அனுப்பப் பார்க்கிறார்கள். யூரியா கலந்த கிறீமால் தடித்த தோலை இளக்குகிறார்கள். (உரமூட்டை யூரியாவைக் காலில் தேய்த்துவிடாதீர்கள்!)

காலையில் பூசிவிட்டு உடனே மலைக்குப் போனால் மழைத்தண்ணி கழுவிக்கொண்டு போய்விடும். மாலையில் கால் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, மெல்லியதாக, புண்ணின் ஓரம் தாண்டியும் பூசுவோம். அப்பிப் பூசுவதால் கூடுதலாக இறங்காது. அரிப்பு நின்றாலும் வைத்தியர் சொன்ன நாள்வரை விடக்கூடாது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீம் அரிப்பை அடக்கிவிட்டுப் பங்கசை வளர்க்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆனால் நனைந்த சப்பாத்தையே மறுநாளும் போட்டால் எந்த ஜெல் என்ன செய்யும்? அதனால்தான் இரண்டாவது சோடி சப்பாத்தும், கொழுந்து மடுவத்தில் கால் கழுவத் தண்ணீரும், உலர்த்த இடமும் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். கையெழுத்துத் தாள் பிள்ளை மடுவத்தில் இருக்கிறது.