பேச்சு போனால் புத்தி போயிற்றா?



இங்கே 1977-இல் புகுமுக வகுப்பு முடித்து, மைசூரிலுள்ள அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனத்தில் படித்தேன். பேச்சுப் பயிற்சியாளர் என்றதும், "மேடைப் பேச்சு சொல்லித் தர்றியா?" என்று காலையில் ஒரு நண்பர் கேட்டார். இல்லை. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு அதை இயன்றவரை மீட்டுத் தரும் வேலை.

இந்தக் குறைக்கு அஃபேசியா என்று பெயர். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்பதுதான் பதில். ஆனால் பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பகுதியில் சேதம். 1874-இல் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையை விவரித்தார். அதில் பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது. பிறர் பேசுவதும் சரியாக விளங்காது. ஆக, எது போயிருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் சோதிப்பதில்லை. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவர் எதிரிலேயே சொல்லிவிடுகிறோம். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் தண்ணீர் கேட்க நினைத்து "சாவி" என்பார். புத்தி பேதலித்துவிட்டது என்று பிள்ளைகள் வீட்டுப் பத்திரத்தில் கைரேகை வாங்கத் தயாரானார்கள். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு அட்டைகள் வைத்தேன். இப்போது இரவா? நீங்கள் பெண்ணா? எல்லாவற்றுக்கும் சரியாகத் தொட்டுக் காட்டினார். பிறகு அவர் மனைவி கேட்டார்: "வீட்டை எழுதிக் குடுக்கச் சம்மதமாங்க?" 'இல்லை' மேல் வைத்த விரலை அவர் எடுக்கவே இல்லை. பத்திரம் திரும்பிப் போயிற்று.

திடீரென்று வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உடல்நிலை சீரானதும் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் கதவு மூடிவிடுவதில்லை.

வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். காது நன்றாகக் கேட்பவரிடம் கத்த வேண்டாம். சாடை, படம், எழுத்து எல்லாம் உதவும். முக்கியமாக, பதிலுக்குக் காத்திருங்கள். அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.