ஒரே கம்பத்தில் வாயும் செவியும்

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்து மணி முழங்கும் வேளையில், அதன் அடியில் நிற்பவனை வாயிலிலிருந்து ஒருவர் மெல்ல அழைத்தால் அவனுக்குக் கேட்குமா? கேட்காது. அவன் செவியிலும் பழுதில்லை, அழைத்தவர் குரலிலும் பழுதில்லை. அருகிலுள்ள பேரொலி தூரத்துச் சிற்றொலியை விழுங்கிவிடுகிறது. கொழும்பு நகரத்துத் தொடர்மாடிக் கூரைகளில் நிற்கும் வானொலிக் கம்பங்களுக்கும் இந்த இடர் உண்டு. அங்கோ மணியும் செவியும் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டிருக்கின்றன.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி நிற்கும் தொடர்மாடிகளின் உச்சியில் கைத்தொலைபேசிக் கம்பங்களைக் காணலாம். அத்தகைய கம்பம் ஒன்று 20 வாட் வலுவுடன் அலைகளைப் பரப்புகிறது என்று கொள்வோம். கீழே ஓர் அறையிலிருந்து கைத்தொலைபேசி அனுப்பும் மறுமொழி, சுவர்களைக் கடந்து கம்பத்தை அடையும்போது, ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறளவாகத் தேய்ந்துவிடக்கூடும். பேசும் வலுவுக்கும் கேட்க வேண்டிய வலுவுக்கும் இடையிலுள்ள வேற்றுமை இரண்டு கோடி கோடி மடங்கு. தன் குரலில் ஓர் அணுவளவு கசிந்தாலும் கம்பம் செவிடாகிவிடும்.

இதன் விளைவு விந்தையானது. கைத்தொலைபேசியின் முகப்பில் அலைவலு நிறைவாகவே தெரியும். கம்பத்தின் குரல் அதற்கு நன்றாகக் கேட்கிறதல்லவா? ஆனால் அதன் குரல் கம்பத்துக்குக் கேட்பதில்லை. நள்ளிரவில் நோயாளி ஒருவருக்காக 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்தை அழுத்துபவர், இணைப்புக் கிட்டாமல் தம் கருவியையே நொந்துகொள்வார். வலுவைக் கூட்டினால் குறை தீரும் என்பார் சிலர். அது மணியை இன்னும் ஓங்கி அடிப்பதற்கு ஒப்பாகும்.

1925 டிசம்பர் 16ஆம் நாள் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியபோது இத்தொல்லை எழவில்லை. அது பரப்பியது, மக்கள் கேட்டார்கள். இருபுறமும் செய்தி பரிமாறிய நிலையங்கள்தாம் இதனை முதலில் உணர்ந்தன. 1927இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கம்பியில்லாத் தந்தி அமைத்தவர்கள், அனுப்பும் நிலையத்தைப் பூனாவை அடுத்த கிர்க்கியிலும் ஏற்கும் நிலையத்தைப் பல மைல் அப்பால் தோண்டிலும் நிறுவினார்கள். வெள்ளவத்தையில் மைல் கணக்கில் இடம் விடுவதற்கு நிலம் ஏது? ஒரு கூரைக்குள்ளேயே விலக்கம் தேட வேண்டியிருக்கிறது.

அலைவாங்கிகளைப் பக்கம் பக்கமாக வைத்து இடைவெளியை இருமடங்காக்கினால் கசிவு நாலிலொன்றாகக் குறையும். ஒன்றன் நேர் மேலே மற்றொன்றை வைத்து அதே இடைவெளியை இருமடங்காக்கினாலோ ஏறத்தாழப் பதினாறிலொன்றாகும். நெட்டாக நிற்கும் அலைவாங்கி பக்கவாட்டில் ஓங்கிப் பேசும். தன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அடங்கியே பேசும். கம்பத்தில் அடுக்கடுக்காக ஏற்றுவது அழகுக்காகவன்று. ஒரே அலைவரிசையைப் பகிரும் கருவிகளுக்கு வேறோர் உபாயம் உண்டு. செய்மதிகள் தரும் நேரக்குறியைக் கொண்டு, எல்லாம் ஒரே கணத்தில் பேசி, ஒரே கணத்தில் வாய்மூடிக் கேட்கும்படி செய்துவிடுவார்கள்.

மற்றக் கருவிகளுக்கு வடிகட்டிகள் உதவுகின்றன. 900 மெகாஹேர்ட்ஸ் பட்டையின் பழைய ஒழுங்கில் கம்பம் பேசுவது 935 முதல் 960 வரை. கைத்தொலைபேசி பேசுவது 890 முதல் 915 வரை. செவிமுனையில் உள்ள வடிகட்டி முன்னதைத் தடுத்துப் பின்னதை விடும். பேரை வாவிக் கரையில் 350 மீற்றர் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரம் போன்றவற்றிலும், பல நிலையங்களின் அலைகளை ஒரே அலைவாங்கிக்கு ஊட்டுவதற்கு இவ்வகை வடிகட்டிகளே துணை.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு பகைவன் எஞ்சியிருக்கிறான். அவன் துரு. உலோகமும் உலோகமும் சேருமிடத்தில் துரு படிந்தால் மின்னோட்டம் அங்கே சீராகச் செல்லாது. இரண்டு அலைவரிசைகள் அதன்மீது பட்டால் அவை கலந்து புதியவை பிறக்கும். 936உம் 959உம் பட்டன என்று வைத்துக்கொள்வோம். 936இன் இருமடங்கிலிருந்து 959ஐக் கழித்தால் 913. அது கம்பம் செவிசாய்த்திருக்கும் பட்டைக்குள்ளேயே வந்து விழுகிறது! வடிகட்டி அதனை எவ்வாறு தடுக்கும்? அதனைத் தடுத்தால் மக்களின் குரலையும் அல்லவா தடுக்க வேண்டும்! அந்தத் துரு கம்பத்தில்தான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. பக்கத்தில் கிடக்கும் பழைய தகரம், தளர்ந்த கைப்பிடிக் கம்பி, கூரையின் ஓர் ஆணி, எதுவும் போதும். விலையுயர்ந்த கருவியை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத குறை, ஒரு மரையாணியைக் கழற்றித் துடைத்து இறுக்கியதும் தீர்வதுண்டு.

கடலோரமாகிய வெள்ளவத்தைக்கும் துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைக்கும் உப்புக்காற்று புதிதன்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அதனை அள்ளிக் கொணர்ந்து ஒவ்வொரு பொருத்திலும் பூசும். ஆகவே பருவம் ஓய்ந்ததும், கம்பத்தில் ஏறுகிறவர் அலைவாங்கிகளைப் பார்ப்பதோடு இறங்கிவிடாமல், கூரையையும் ஒரு சுற்றுச் சுற்றி, கிடக்கும் தகரத்தை அகற்றிவிட்டே செல்ல வேண்டியவராகிறார்.