'புட் அவுட்' என்றால் வெளியே வைப்பதா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'இங்கிலீஷ் பத்தி நாலு வார்த்தை பேசுங்க, ரொம்ப இழுத்துடாதீங்க' என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் இரண்டே வார்த்தை எடுத்துக்கொண்டேன்: புட் அவுட்.

'புட்' தெரியும், 'அவுட்' தெரியும். இரண்டும் சேர்ந்து 'தீயை அணை' என்று எப்படி ஆனது? தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் திணறுவது இங்கேதான். 1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அயலாருக்குப் பெரிய தொல்லை இந்த மாதிரி ஒட்டு வினைகள்தான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

நம்ம தமிழ் ஐயா தன்வினை, பிறவினை நடத்தினாரே, ஞாபகம் இருக்கா? தீ அணைந்தது, தீயை அணைத்தான். 'ந்' போய் 'த்' வந்தது, வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வினையையே மாற்ற வேண்டும். தானாக அணைந்தால் 'கோ அவுட்', நாம் அணைத்தால் 'புட் அவுட்'. நேர்முகத் தேர்வில் 'தி ஃபயர் புட் அவுட்' என்று சொல்லி, எதிரே இருப்பவர் முகம் மாறியதும், தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஜோடியை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'புட் அவுட் தி ஃபயர்', 'புட் தி ஃபயர் அவுட்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் மட்டும் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் அவுட்'.

மெழுகுவர்த்தியை ஊதினால் 'ப்ளோ அவுட்'. குத்துவிளக்கை 'அணை' என்றால் நம் வீட்டுப் பாட்டி அடிக்க வருவார். 'குளிர வை' என்பார். அதற்கு ஆங்கிலத்தில் சொல் தேடாதீங்க, கிடைக்காது.

கட்டடம் எரிந்து தரைமட்டமானால் 'பர்ன் டவுன்'. 1666 செப்டம்பரில் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ, சுமார் 13,200 வீடுகளை அப்படித்தான் ஆக்கியது. காகிதம் மிச்சமில்லாமல் எரிந்தால் 'பர்ன் அப்'. ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டுக்கும் முடிவு சாம்பல்தான்! இந்த 'அப்' மேலே போவது அல்ல, 'முழுக்க' என்று பொருள். 'ஈட் அப்' என்பதும் அதே கணக்கு. அதைச் சாப்பாட்டுப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம். இலை போட்டாயிற்று என்று செயலாளர் கை காட்டுகிறார்.