வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்



இந்த நினைவுரைக்காக வேனில் புறப்பட்டு, தாராபுரம் வழியாக நேற்று மாலை பழனி வந்து சேர்ந்தோம். எங்களுக்குப் பழக்கமில்லாத ஊர். அடிவாரத்தில் சாதிக்கொரு மடம், பெயர்ப்பலகையோடு. எங்களோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் இங்கேதான் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போகலாமா என்று வேனுக்குள் ஒரே பேச்சு. அவர் நல்லவர். ஆனால் அவர் அம்மா? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர்?

1917இல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கரும் இதே கணக்கைப் போட்டவர்தான். கொலம்பியாவில் படித்துவிட்டு, உதவித்தொகை தந்த சமஸ்தானத்தில் வேலை பார்க்க வந்தவர். அமெரிக்காவில் பழகிய பரோடா நண்பர்கள் அவர் நினைவுக்கு வந்தார்கள். வீட்டில் எப்படி நடத்துவார்களோ என்று போகவில்லை. பார்சிப் பெயரில் பார்சி விடுதியில் 11 நாள் தங்கினார். தடியோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்ன பிறகே இரண்டு நண்பர்களிடம் போனார். இந்து நண்பர், அவர் வந்தால் வேலைக்காரர்கள் நின்றுவிடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரவு 9 மணி பம்பாய் ரயில்வரை அம்பேத்கர் பூங்காவில் காத்திருந்தார்.

தடியோடு வந்தவர்களைவிட அந்த இருவரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். தடிக்கு 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

எங்கள் நண்பரைக் கூப்பிட்டோம். உடனே பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார். டீக்கடையில் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினோம். வீட்டுக்கு வாங்க என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டீக்குக் காசு கொடுக்க மட்டும் எங்களை விடவேயில்லை.