முக்காலியும் மக்களவை இருக்கையும்



கட்டுரை வழங்க வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் எழும்பூரில் இறங்கி நேரே இங்கு வந்திருக்கும் எல்லைப் போராட்டக் குடும்பத்துப் பெரியோர்களே! திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் வாழ்வையும் நாடாளுமன்றப் பணியையும் ஆராயும் இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

தென்கோடி எல்லையைப் பற்றிப் பேசச் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஏன் கூட வேண்டும் என்று ஒரு மாணவர் நேற்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் பகுதி அண்ணாமலை அரசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர் அவர். தமிழ்நாட்டு இசை மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்துக்குத் துணை நின்றவர். அந்த இயக்கத்தின் பயனாக 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. இங்கே மேடையில் தமிழுக்கு இடம் கேட்ட அதே பத்தாண்டில், தெற்கே திருவிதாங்கூரில் தமிழர்கள் நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் சட்டமன்றத்திலும் இடம் கேட்டார்கள். இரண்டும் ஒரே கேள்வி: என் மொழிக்கும் எனக்கும் இந்த அவையில் இருக்கை உண்டா? என் உரை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமையும்.

நேசமணி 1895 ஜூன் 12 அன்று பள்ளியாடியில் பிறந்தார். முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த அணை நிற்கும் பீர்மேடு வட்டத்துக்காகப் பின்னாளில் அவர் வாதாட வேண்டியிருந்தது. சட்டம் படித்து நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞராக வந்தார்.

அவர் அங்கு வந்த முதல் நாளைப் பற்றிக் குமரி மாவட்டத்தில் இன்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வழக்கறிஞர்கள் அமரும் அறையில் உயர்சாதியாருக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிநீர்ப் பானையும் தனித்தனி. முதுகு சாய்க்க இடமில்லாத அந்த முக்காலியை அவர் காலால் தள்ளினார். பானையை உடைத்தார். எல்லோருக்கும் நாற்காலி என்ற நிலையை உண்டாக்கினார். ஒரே சட்டத்தைப் படித்து, ஒரே கறுப்பு அங்கி அணிந்து, ஒரே நீதிபதியின் முன் நிற்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் சாய்மானம் மறுக்கப்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

இந்த நிகழ்ச்சியை அவர் வாழ்க்கையின் முன்னுரையாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது அவர் அரசியல் முழுவதற்கும் திறவுகோலாகத் தெரிகிறது. எல்லைக் கோரிக்கையை வெறும் நிலக் கோரிக்கையாகப் படித்தால் நேசமணி நமக்கு விளங்க மாட்டார். சமமான இருக்கை கேட்ட வழக்கறிஞர்தான் பிறகு தம் மக்கள் அனைவருக்கும் சமமான இருக்கை கேட்டார். அந்த இருக்கை திருவனந்தபுரத்தில் கிடைக்காது என்று உறுதியானபோது, அது கிடைக்கக்கூடிய மாநிலத்தோடு சேர வேண்டும் என்றார். எல்லை என்பது அந்த வாதத்தின் முடிவு. தொடக்கம் முக்காலியில் இருக்கிறது.

நான் விளவங்கோடு வட்டத்தில் பிறந்தவன். என் பாட்டியின் மரப்பெட்டியில் ஓர் ஆதாரம் இருந்தது. எங்கள் ஊரில் நிலப் பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வோம். மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன தாள். எழுத்தெல்லாம் மலையாளம். பாட்டி வீட்டில் பேசியது தமிழ், மாதா கோயிலில் செபித்தது தமிழ், மகளைத் தாலாட்டியது தமிழ். ஆனால் அவள் மண் அவளுடையது என்று சொல்லும் தாளை அவளால் படிக்க முடியாது. பகுதிக் கச்சேரி எனப்பட்ட ஊர் வருவாய் அலுவலகத்தில் பார்வத்தியக்காரர் என்ற அதிகாரி வாசித்துச் சொன்னதை நம்ப வேண்டும். அடியில் இருந்த கட்டைவிரல் ரேகையைத் தொட்டுக்காட்டி, "இது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும் மக்களே" என்பாள். திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம் எதற்காக என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த விரல் ரேகைதான் நினைவுக்கு வரும்.

1945-இல் அனைத்துத் திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ் தொடங்கியது. சாம் நத்தானியேல் முன்னின்று தொடங்கிய அந்த அமைப்பு, அடுத்த ஆண்டில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. 1947-இல் நேசமணி அதில் இணைந்த பிறகு, ஒரு கோரிக்கை மன்றம் தேர்தல் களத்தில் நிற்கும் கட்சியாக வளர்ந்தது. 1948 திருவிதாங்கூர்த் தேர்தலில் 14 இடங்கள் வென்றது. அந்தத் தேர்தல் நாள்களில் மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையனும் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள்.

1952-இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்கு நேசமணி சென்றார். அதே காலத்தில் கட்சியைச் சேர்ந்த அப்துல் ரசாக் மாநிலங்களவையில் இருந்தார். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலச் சட்டமன்றத்தில் கட்சிக்கு 8 உறுப்பினர்கள். 1954-இல் அது 12 ஆனது. இந்தச் சிறு எண்ணிக்கையின் பலத்தை ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1953-இல் கட்சி ஆதரவை விலக்கியதும் ஏ.ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது. 1955-இல் கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவை கவிழ்ந்தது. தென் வட்டங்களைச் சென்னைக்கு விட்டுக்கொடுப்பதை எதிர்த்து ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் விலகியதில் 1956-இல் பனம்பிள்ளி கோவிந்த மேனன் அமைச்சரவையும் விழுந்தது. மூன்று அமைச்சரவைகளின் தலைவிதியை ஓர் எல்லைக் கேள்வி நிர்ணயித்தது. அவையில் சில இருக்கைகள் கிடைத்தாலும் அவற்றைக் கொண்டு எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அவைக்குள் நடந்ததை அவைக்கு வெளியே நடந்ததிலிருந்து பிரிக்கவும் முடியாது. 1954 ஜூலையில் தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர்களுக்காக மூணாற்றில் தடையை மீறிக் கைதானவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் நேசமணியும் ஒருவர். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் காவல்துறை சுட்டது. உயிர்கள் பலியாயின. அந்தச் சூடு டெல்லி வரை அதிர்ந்தது. ஆண்டுகொண்டிருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே தம் கட்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்றார். விடுதலை பெற்ற நாட்டில் மக்கள் மீது சுடுவதற்கு எந்த அரசுக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி எழுந்து, அந்தக் கட்சியே பிளந்தது.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவரும் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தார்கள். நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு மறுக்கப்பட்டன. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் இருந்த தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் வந்துபோகிறவர்கள் ஆனார்கள். எண்ணிக்கையில் இருந்தார்கள், இருக்கையில் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் மக்களவை அந்த அறிக்கையை விவாதித்தபோது, கிடைத்ததோடு நிறைவடையாமல் விடுபட்ட வட்டங்களுக்காகவும் நேசமணி வாதாடினார். 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. கட்சி தன் பணி முடிந்ததென்று காங்கிரஸோடு கலந்தது.

எல்லைப் பகுதி உறுப்பினர் என்ற வகை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டென்னசியிலிருந்து 1827-இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போன டேவி கிராக்கெட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொஞ்ச நாள் பள்ளி, நிறைய நாள் காடு என்று வளர்ந்த மனிதர். பட்டா இல்லாமல் காட்டை வெட்டிப் பயிரிட்ட ஏழைகளுக்கு அந்த நிலம் சொந்தமாக வேண்டும் என்பதே அவர் கொண்டுபோன மசோதா. அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. 1836-இல் அலாமோவில் அவர் இறந்தார். பின்னர் அவர் மகன் காங்கிரஸ் உறுப்பினராகி 1841-இல் அதை நிறைவேற்றினார். எல்லையில் வாழ்பவனுக்குத் தலைநகரத்தில் இடம் வேண்டும் என்ற ஏக்கம் டென்னசிக்கும் தோவாளைக்கும் பொது. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அங்கே எல்லை என்பது குடியேறிகள் மேற்கே நகர நகரத் தானும் நகர்ந்த கோடு. அதன் முன்னால் பூர்வகுடிகள் துரத்தப்பட்டார்கள். இங்கே நாஞ்சில் நாட்டு மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

கிராக்கெட்டிடம் நான் போற்றுவது இன்னொன்று. 1830-இல் பூர்வகுடிகளை அப்புறப்படுத்தும் சட்டம் வந்தபோது, டென்னசி உறுப்பினர்களில் அவர் ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். தன் தொகுதியில் அது செல்வாக்கைக் குறைக்கும் என்று தெரிந்தே அதைச் செய்தார். தனக்கு இடம் கேட்பவன் பிறருக்கும் இடம் கேட்கிறானா என்பதே எல்லை மனிதனுக்கு வைக்கும் உரைகல்.

அறிஞர்களே, இந்த இரண்டு நாளில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பணிகளாக நான் கருதுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, நேசமணியின் நாடாளுமன்ற உரைகள் முழுமையாகத் தொகுக்கப்பட்டுத் தமிழில் வர வேண்டும். 1957-இல் அவர் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1962-இலும் 1967-இலும் மீண்டும் நாகர்கோவில் மக்களவை உறுப்பினர் ஆனார். 1968 ஜூன் 1 அன்று அவர் மறையும்போதும் அந்தப் பொறுப்பில்தான் இருந்தார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் பெருந்தலைவர் காமராசர். நாம் இணைப்பு ஆண்டோடு நேசமணியை நிறுத்திவிடுகிறோம். இணைப்புக்குப் பின் 12 ஆண்டுகள் அவர் என்ன பேசினார் என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல நூல் வேண்டும்.

இரண்டாவது, திருவிதாங்கூர்-கொச்சி ஆவணங்களைப் படிக்காமல் இந்த வரலாற்றை எழுதக் கூடாது. அதற்கு நம் மாணவர்கள் மலையாளம் கற்க வேண்டும். என் பாட்டி படிக்க முடியாத தாளைப் பேரன் படித்தாக வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் மொழியிலேயே கேட்டவனுக்குத்தான் தன் வாதத்தின் வலிமை புரியும். நாஞ்சில் நாட்டு வயல் போனால் தங்கள் சோற்றுக்கு வழி என்ன என்று அவர்கள் கேட்டதில் உண்மையான அச்சம் இருந்தது.

மூன்றாவது, கசப்பான கேள்விகளைத் தவிர்க்காதீர்கள். இது ஒரு சாதியின் கட்சி என்று அன்றே எதிர்ப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள். கட்சிக்குள் பிளவுகளும் இருந்தன. இவற்றை மறைத்து எழுதும் வாழ்த்துரை நேசமணிக்குப் பெருமை சேர்க்காது. அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் தாணுலிங்க நாடாரும் பி.எஸ். மணியும் ஆதரவுக் குரல் தந்த கவிமணியும் சேர்ந்த அந்தக் கூட்டணியின் உண்மை உருவத்தை எழுதுங்கள். சென்னையிலிருந்து ம.பொ.சி. கொடுத்த குரலையும், 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி இந்தப் போராட்டத்துக்குத் துணை நின்ற தினமலரின் பழைய இதழ்களையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்காவது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் இரண்டு பக்கமும் சிலர் சிறுபான்மையாக நிற்பார்கள். விளவங்கோட்டில் மலையாளம் பேசும் குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன. பேச்சிப்பாறை மலையில் காணி மக்கள் இருக்கிறார்கள். அப்பால் தேவிகுளத்திலும் பாலக்காட்டிலும் தமிழர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் தம் மொழியில் இடம் உண்டா? முக்காலியைத் தள்ளிய மனிதரின் பெயரால் கூடியிருக்கும் நாம், நம் வீட்டில் யாருக்காவது முக்காலி போட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். எல்லைப் போராட்டத்தின் வெற்றியை அளக்க எனக்கு வேறு அளவுகோல் இல்லை.

குமரி மாவட்டத்துப் பேருந்துகள் நெடுங்காலம் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்ற பெயரோடு ஓடின. மார்த்தாண்டத்தில் அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. அந்த மாவட்டத்துக் குழந்தைக்கு அந்தப் பெயர் தெரியும். சென்னையில் வளரும் குழந்தைக்கும் அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே கூடியிருக்கிறோம். நேற்றுக் கேட்ட மாணவருக்கு என் விடை இதுதான்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். எல்லைக் காவலர் ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பதைப் பேசும்போது கவனித்தேன். அமைப்பாளர்கள் அவரை மேடைக்கு அழைத்து வந்து, தலைமைக்கு இட்ட இந்த நாற்காலியில் அமரச் செய்யுங்கள். முதல் அமர்வு முழுவதும் அவர் இங்கே இருக்கட்டும். நான் அவர் இடத்தில் அமர்ந்து கேட்கிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.