தடித்த தோலுக்கும் தொட்டால் தெரியும்

(நம் குடியிருப்புச் சங்கத்தின் சிறுவர் நிகழ்ச்சியில் பேசியது)



சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால், "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறியே!" என்று வீட்டில் திட்டுவார்கள் அல்லவா? உண்மையில் எருமைக்கு மழை நன்றாகவே தெரியும். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. மழை சுகமாக இருப்பதால் நிற்கிறது.

இப்போது எருமையைவிடப் பெரிய யானைக்கு வருவோம். நம் தோலின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். யானைக்குச் சில இடங்களில் 2.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். ஆனாலும் ஈ உட்கார்ந்தால் தெரிந்துவிடும். கர்நாடகத்தில் நாகரஹொளேயில் வளர்ப்பு யானைகளிடம் பெரிய மரக்கிளையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில யானைகள் அதை வேண்டிய அளவுக்கு ஒடித்து, விசிறி போல வீசி ஈ ஓட்டின!

எப்படித் தெரிகிறது? நம் வீட்டுச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அழைப்பு மணியின் பொத்தான் வெளியில்தானே இருக்கிறது? அதுபோல, தொடுவதை உணரும் நரம்பு நுனிகள் தோலின் மேற்பகுதிக்கு அருகிலும் இருக்கின்றன. யானையின் முடி அசைந்தால்கூட அதன் வேரில் உள்ள நரம்பு சேதி சொல்லிவிடும்.

காதுக்குப் பின்னால் தோல் மெல்லியது. கழுத்தில் அமரும் பாகன் கால் விரலால் அங்கே லேசாக அழுத்தினாலே யானைக்குப் புரிந்துவிடும்.

வங்கியில் பணம் எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டியிருந்தால், கண்ணுக்கு முன்பே என் விரலுக்குத் தெரியும். யானைக்கு அந்த விரல் தும்பிக்கை நுனியில் இருக்கிறது. நம் நாட்டு யானைக்கு ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. ஒற்றை வேர்க்கடலையைக்கூட எடுத்துவிடும். தும்பிக்கையின் தொடு நரம்பு, யானையின் கண் நரம்பைவிடத் தடிமன் என்று பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் கண்டறிந்தார்கள்.

நம் அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு 2018 மார்ச்சில் இறந்துவிட்டது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வேறு ஊர்க் கோயில்களில் யானையைப் பார்க்கும்போது, 'இவ்வளவு பெரிய உடம்புக்கு என்ன தெரியப்போகிறது' என்று குச்சியால் குத்தாதீர்கள், வாலை இழுக்காதீர்கள், கல் எறியாதீர்கள். வலித்தாலும் அதற்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. பாகனைக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் மெதுவாகத் தொடுங்கள். நீங்கள் தொடுவது அதற்கும் தெரியும்.