ஊர் தானாகக் காலியாவதில்லை



எனக்குக் கொடுத்த நேரம் குறைவு. ஒரே ஓர் ஊரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், லெவி மாவட்டத்தில் இருந்த ரோஸ்வுட். இன்று அங்கே போனால் ஒரு நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் ஒரு நினைவுப் பலகை, சுற்றிலும் காடு. பழைய ஊர் இல்லை.

சீடர் கீ துறைமுகத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே, சதுப்புக் காட்டை ஒட்டி, ரயில் பாதையோரம் அமைந்த ஊர் இது. செந்நிறச் சீடர் மரத்தால் வந்த பெயர். மரத்தை வெட்டிப் பென்சில் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். 1890 வாக்கில் மரம் தீர்ந்தது, ஆலைகள் மூடின. வெள்ளையர்களில் பலர் பக்கத்து ஊரான சம்னருக்குப் போனார்கள். கறுப்பின மக்கள் தங்கி, சொந்த வீடு கட்டினார்கள். தேவாலயங்கள், பள்ளிக்கூடம், ஒரு பேஸ்பால் அணிகூட வைத்திருந்தார்கள். மரம் தீர்ந்தும் ஊர் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1923 ஜனவரி 1 அன்று, சம்னரில் ஒரு வெள்ளைப் பெண் தன்னை ஒரு கறுப்பர் தாக்கியதாகச் சொன்னார். விசாரணை இல்லை, கும்பல்தான் வந்தது. ஒரு வாரத்துக்குள் ஊரையே எரித்தார்கள். வெள்ளை வணிகர் ஜான் ரைட்டின் வீடு மட்டும் மிஞ்சியது. மக்கள் குளிரில் சதுப்புக்குள் ஒளிந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ரயிலில் ஏற்றிக் காப்பாற்றியவர்களும் உண்டு. அரசுக் கணக்கில் இறந்த கறுப்பர்கள் 6, வெள்ளையர்கள் 2. தப்பியவர்கள் இதைவிட அதிகம் என்றார்கள். ஊரை எரித்த யாரும் தண்டிக்கப்படவில்லை.

தப்பியவர்கள் ஊர் திரும்பவில்லை. பயத்தில் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவும் இல்லை. 1994-இல்தான், 71 ஆண்டுகள் கழித்து, ஃபுளோரிடா சட்டமன்றம் சுமார் 21 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குச் சட்டம் இயற்றியது. அதற்குள் உயிரோடு மிஞ்சியவர்கள் சிலரே.

வரைபடம் அந்த இடத்தைக் காடு என்று காட்டும். அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைப் பிரித்துவைத்த சமூகத்திலிருந்து வரும் நமக்கு மீதிப் பாதி புரியும். புவியியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'மக்கள் வசிக்காத ஊர்' என்று எழுதுவதற்கு முன், யார் வசித்தார்கள், யார் விரட்டினார்கள், அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.